ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்

தமிழ்நாடு அரசுக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். உலக வங்கிக் கடன் தேவைப்படாத யோசனை. ஆலோசகர், பவர்பாயிண்ட், ஓட்டல் ஹாலில் கருத்தரங்கு, மதியம் பஃபே எதுவும் வேண்டாம். கடலூர் மாவட்டம் மங்களூர் ஒன்றியத்தில் முன்னோட்டமாக நடத்திப் பார்த்துவிடலாம். (மங்களூர் என்றதும் ஃபைலைக் கர்நாடகத்துக்கு அனுப்பிவிட வேண்டாம். திட்டக்குடி, தொழுதூர், சிறுபாக்கம் பக்கம் இருக்கும் எங்கள் மங்களூர். தொகுதி மறுசீரமைப்பு வரும்வரை ஒரு சட்டமன்றத் தொகுதிக்கே பெயர் கொடுத்த ஊர். இப்போது ஒன்றியத்துக்கு மட்டும் பெயர் மிச்சம்.)

யாருக்காக இந்த யோசனை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் இந்த மேற்கு ஓரத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆட்டிசம் உள்ள பையன், பதினாலு வயசு. பேச்சு வராது. பசித்தால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோற்றுக் குண்டான் மேல் வைப்பான். கிரைண்டர் ஓடினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் முட்டுவான். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்தால் நாலு மணி வரைக்கும் வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடை. கூடவே அவளும் நடக்க வேண்டும். படல் திறந்துகிடந்தால் அவன் நேராகப் போவது கிணற்றுக்குத்தான். தண்ணீர் என்றால் அவனுக்கு அப்படி ஒரு இழுப்பு. அப்பன் திருப்பூரில். மாமியாரின் பங்களிப்பு, போன ஜென்மத்துப் பாவம் பற்றிய ஆய்வுரை.

இந்தப் பெண்ணுக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நிறையச் செய்கிறது. ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள்: நகரத்துக் கட்டடங்களில் நீல விளக்கு. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம்: மேடை, மாலை, 'தியாகத்தின் திருவுருவங்களே' என்று தொடங்கும் வாழ்த்துரை. தெய்வம் என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்பது நம்மூரில் கோயில் கட்டிய காலத்திலிருந்து தெரிந்த சிக்கனம்.

வெறும் வாழ்த்து மட்டும் இல்லை, பொருளும் உண்டு. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் தாய்மாருக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் இலவசம் என்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் ஒரு திட்டம். நல்ல எண்ணத்தில் போட்டதுதான். ஆனால் அதை யோசித்தவர் இப்படிப்பட்ட பிள்ளையோடு ஒரு மணி நேரம் தனியாக இருந்து பார்த்திருக்க மாட்டார். ஒரு கை பையனின் மணிக்கட்டிலும் மறு கை கதவுத் தாழ்ப்பாளிலும் இருப்பவளுக்கு, இரண்டு கையும் ஒரு காலும் கேட்கிற இயந்திரம். மோட்டார் ஓடினால் பையன் காதைப் பொத்துகிறான். ஊசி ஏறி இறங்குவது அவனுக்குப் பிடித்திருக்கிறது. அதனால் விரலை நீட்டுகிறான். கடைசியில் மெஷின் மேல் மடித்த துணி ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கிறது. வீட்டில் பீரோ இல்லாத குறை தீர்ந்தது.

பணம் கொடுக்கவில்லையா என்பார்கள். கொடுக்கிறார்கள். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். உயர் ஆதரவு தேவைப்படுபவர் என்று தேர்வானால் உதவியாளருக்கென்று இன்னொரு 1000. இரண்டும் கைக்கு வந்து சேர்ந்த பாக்கியசாலி என்றே வைத்துக் கணக்குப் போடுவோம். மாதம் 3000; நாளைக்கு நூறு. அவளுக்கு ஷிப்ட் கிடையாது என்பதால் 24 மணி நேரத்தால்தான் வகுக்க வேண்டும். மணிக்கு நாலு ரூபாய் பதினேழு காசு. தொழுதூர் டீக்கடையில் ஒரு டீ குடிக்க ஏறக்குறைய மூணு மணி நேரம் உழைக்க வேண்டும். அப்போதும் டீ குடிக்கப் போக முடியாது, பையனை யார் பார்ப்பது?

டெல்லியோடு ஒப்பிட்டால் சென்னை வள்ளல். இந்திரா காந்தி பெயரில் ஒன்றிய அரசு தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்து, பதினெட்டு வயது தாண்டி, 80 சதவீதம் பாதிப்பு என்று சான்றும் வைத்திருந்தால். 2012-இல் வைத்த தொகை. நாடாளுமன்ற உறுப்பினர் சம்பளம் அப்போது 50,000. இடையில் ஒரு லட்சமாகி, இப்போது 1,24,000. அவர்களுக்கு விலைவாசி ஏறுகிறது. ஆட்டிசம் உள்ளவன் சாப்பிடும் அரிசி மட்டும் இன்னும் 2012 விலையில் எங்கோ கிடைக்கிறது போலிருக்கிறது. கேரளம் பராமரிக்கிறவருக்கென்றே தனியாக ஒரு திட்டம் வைத்து மாதம் 600 கொடுக்கிறது, அதற்கு மேல் அங்கேயும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 24. உயர் ஆதரவு தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி என்று அதில் அச்சடித்தே இருக்கிறது. மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தில் தருவதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவின் வாசலிலேயே ஒரு காவல்காரனை நிறுத்தியிருக்கிறார்கள்: அரசு இதையெல்லாம் தன் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டுத்தான் செய்யும். மணிமண்டபத்துக்கும் வெண்கலச் சிலைக்கும் போடும் அரசாணையில் இந்தக் காவல்காரனை நான் பார்த்ததில்லை. அங்கே திறன் வற்றாத ஊற்று.

சரி, இந்த நாலு ரூபாய் பதினேழு காசை வாங்க என்ன செய்ய வேண்டும்? பிள்ளைக்கு ஆட்டிசம் எத்தனை சதவீதம் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு இந்திய அளவுகோல் உண்டு. 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து மதிப்பெண். கண்ணைப் பார்க்கிறானா, சொன்னதையே திரும்பச் சொல்கிறானா, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறானா என்று போகும். மொத்தம் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசமே இல்லை. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் கூட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் தாய்மார் நாட்டில், இங்கேயும் கூட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறார்கள். இதை ஒழுங்காகப் போட்டுப் பார்க்கப் பயிற்சி பெற்ற உளவியலாளர் நிதானமாக உட்கார வேண்டும். முகாமில் அந்த நிதானத்தைத் தீர்மானிப்பது வெளியே நிற்கிற வரிசை.

மங்களூர் ஒன்றியம் மாவட்டத்தின் மேற்கு ஓரம். கலெக்டர் ஆபீஸ் கிழக்கே கடலோரம். விருத்தாசலத்தில் பஸ் மாறி, ஹாரன் சத்தத்துக்கு அலறும் பையனை மடியில் அமுக்கிக்கொண்டு, சக பயணிகளின் 'புள்ளைய அடக்கத் தெரியாதாம்மா' என்ற அறிவுரையையும் டிக்கெட்டோடு வாங்கிக்கொண்டு, பாதி நாள் கழித்து ஒரு முகாமுக்குப் போய்ச் சேருகிறாள். அலறி அலறி ஓய்ந்துபோன பையன், அங்கே பாட்டில் மூடி ஒன்றைச் சுழற்றியபடி சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

"ஏம்மா, நல்லாத்தான உக்காந்துருக்கான்?"

"வூட்டுல இப்புடி இருக்கமாட்டான் சார். சத்தியமா இருக்கமாட்டான் சார்."

"பேரு சொன்னா திரும்பிப் பாக்குறான் பாரு."

"அது ஃபேன பாக்குறான் சார்."

அவள் மனசுக்குள் ஓடுவதை எழுதக் கை கூசுகிறது. ஒரே ஒரு தடவை, இந்த மேசைக்கு முன்னால், தலையை முட்டிக்கொள்ளேன்டா. ஊரெல்லாம் 'எம்புள்ள தேறிடுவான்' என்று சொல்லித் திரிகிறவளை, மேசைக்கு முன்னால் நிறுத்தி, அவனுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைக்கிறோம். எவ்வளவு மோசமாகச் சொல்கிறாளோ அவ்வளவு சதவீதம். நன்றாக வளர்த்திருந்தால் அபராதம்.

சான்றும் கிடைத்து, பணமும் வரத் தொடங்கினால் கதை முடிந்ததா? பதினெட்டு வயதுக்குள் என்றால் அந்தச் சான்றே பெரும்பாலும் தற்காலிகம். காலாவதியானதும் மறுபடி மேசை, மறுபடி ஃபேன். நடுவில் ஆட்டிசம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியிருக்கலாம் என்று சந்தேகம். போதாதென்று வாழ்நாள் சான்று. பயனாளி உயிரோடுதான் இருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும். அவன் உயிரோடு இருப்பது ராத்திரி ஒரு மணிக்கு அந்தத் தெரு முழுக்கத் தெரியும். தெரியாத ஒரே ஆள் அரசு. அது ராத்திரி தூங்குகிறது.

நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். 'உரிமைகள் திட்டம்', அதன் 'விழுதுகள்' மையங்கள் என்று தெரபியை மக்களுக்குப் பக்கத்தில் கொண்டுவரும் வேலை தமிழ்நாட்டில் நடக்கிறது. முட்டுக்காட்டுத் தேசிய நிறுவனத்துக்கு ஓடாமல் பக்கத்திலேயே பேச்சுப் பயிற்சி கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் தெரபிஸ்ட் முக்கால் மணி நேரம் பார்ப்பார். பாக்கி இருபத்து மூணேகால் மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிள்ளை பார்ப்பது வேலை என்று அரசுக்குத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். வேலைக்கு வரும் பெண்களோடு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அந்தப் பெண்களில் ஒருத்தியைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்த வேண்டும் என்று அதில் எழுதிவைத்தார்கள். மண் வெட்டுகிறவளுக்கு என்ன கூலியோ அதே கூலியை அவளுக்கும் கொடுக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். தமிழ்நாட்டுக்கு 2025-26-இல் அந்தக் கூலி 336 ரூபாய். வேப்ப மரத்தடியில் தூளி கட்டி நாலு பேர் பிள்ளையை ஆட்டினால் அது வேலை. சட்டப்படி வேலை. மஸ்டர் ரோலில் பெயர் ஏறும் வேலை.

அது கூலிக்காரிக்கு. உத்தியோகக்காரிக்கு இன்னும் கௌரவமான ஏற்பாடு. ஒன்றிய அரசில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, சம்பளத்தோடு. பிள்ளைக்கு ஊனம் இருந்தால் வயது வரம்பும் கிடையாது. இமாச்சலத்தில் ஒரு அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியை தன் மகனுக்காக இதே விடுப்பைக் கேட்டு வழக்குப் போட்டபோது, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மெத்தச் சரி. ஆனால் இந்த விதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. அரசிடம் ஏற்கெனவே சம்பளம் வாங்குகிறவள் பிள்ளையைப் பார்த்தால் அது உழைப்பு. ஊரார் பிள்ளையைப் பார்த்தால் அதுவும் உழைப்பு. மங்களூர்க்காரி தன் சொந்தப் பிள்ளையைப் பதினாலு வருஷம் பார்த்தால் பாசம். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ராத்திரி முழுக்கச் சூளைக்குக் கண் விழிக்கிறவருக்குக்கூடக் கூலி உண்டு, சூளையைப் பெற்றது அவரில்லை என்ற ஒரே தகுதியால்.

அமெரிக்காவில் எப்படி என்று கேட்கத் தோன்றும். நமக்கு எதையும் அங்கே கேட்டால்தான் நம்பிக்கை. அங்கே மெடிக்கெய்ட் என்று ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. ஒரு காலத்தில் அதன் புத்தி நம் புத்தி மாதிரியேதான் இருந்தது. அயோவா மாநிலத்தில் கேட்டி பெக்கெட் என்ற சின்னப் பெண், மூச்சு விட இயந்திரத்தை நம்பி வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டில் வைத்துப் பார்த்தால் செலவு பல மடங்கு குறையும். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்தால்தான் காப்பீடு பணம் தரும், வீட்டுக்கு வந்தால் தராது. 1981 நவம்பரில் ஜனாதிபதி ரீகன் பத்திரிகையாளர் சந்திப்பில் இந்தக் கதையைச் சொல்லித் தன் அரசாங்கத்தையே கடிந்துகொண்டார். அதே ஆண்டு வந்த சட்டத்தில்தான் 1915(சி) என்ற பிரிவு முளைத்தது. நிறுவனத்தில் கிடந்தால்தான் பணம் என்ற விதியிலிருந்து மாநிலங்கள் விலக்கு வாங்கி, அதே பணத்தை வீட்டில் நடக்கும் பராமரிப்புக்குச் செலவழிக்கலாம். இதைத்தான் வெய்வர் என்கிறார்கள்.

ரீகன் கருணாமூர்த்தி ஒன்றும் இல்லை. ஏழைகளுக்கான செலவை வெட்டுவதற்கென்றே வந்தவர். வெய்வரின் விதியும் அப்படித்தான்: வீட்டுப் பராமரிப்பு நிறுவனச் செலவை மிஞ்சக் கூடாது. ரீகன் கண்டுபிடித்தது தாய் மலிவு என்பதை. நம்மவர்கள் அதற்கு வெகு காலம் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள், தாய் இலவசம் என்று.

வெய்வருக்குள் பிறகு இன்னொரு வழி திறந்தது. பணத்தை ஏஜென்சியிடம் கொடுத்து அவர்கள் அனுப்பும் ஆளுக்குக் கதவைத் திறக்காமல், குடும்பமே ஒரு பட்ஜெட்டை வாங்கி, தனக்கு வேண்டிய ஆளைத் தானே வேலைக்கு வைத்துக்கொள்வது. பையன் யாரிடம் அடங்குவானோ அந்த அத்தையை வைக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவை வைக்கலாம். சில மாநிலங்களில், சில நிபந்தனைகளோடு, பெற்றோரையே வைக்கலாம். சம்பளச் சீட்டு, வரிப் பிடித்தம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள நடுவில் ஒரு கணக்கு அலுவலகம். காசைக் கையில் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று அங்கேயும் சொன்னவர்கள் உண்டு. அர்கன்சாஸ், நியூஜெர்சி, ஃபுளோரிடாவில் 1990-களின் கடைசியிலிருந்து சோதித்துப் பார்த்தார்கள். கவனிப்பு கெடவில்லை, குடும்பங்கள் முன்னைவிடத் திருப்தியாக இருந்தன.

உடனே விசா எடுக்க ஓடிவிடாதீர்கள். அங்கேயும் இது உரிமை இல்லை, வரிசை. 2024-இல் ஏழு லட்சம் பேருக்கு மேல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். டெக்சாஸில் சில பட்டியல்களில் பத்து வருஷத்துக்கு மேல். பிள்ளைக்காகப் பெயர் கொடுத்து, முறை வரும்போது பிள்ளைக்கு மீசை முளைத்திருக்கும். இண்டியானாவில் மெடிக்கெய்ட் கணக்கில் ஏறக்குறைய நூறு கோடி டாலர் உதைத்ததும், 2024-இல் கை வைத்தது பெற்றோருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பராமரிப்புச் சம்பளத்தில். கணக்கைத் தப்பாகப் போட்டது அதிகாரிகள், வேலை போனது அம்மாக்களுக்கு. அங்கேயும் அந்தப் பட்டியலுக்குள் நுழைய, இந்தப் பிள்ளை நிறுவனத்தில் அடைக்க வேண்டிய அளவுக்கு மோசம் என்று தாய் வாயாலேயே சொல்ல வேண்டும். அந்த மேசை கடலூரிலும் உண்டு, டாலஸிலும் உண்டு. என்ன, அங்கே சாட்சி சொல்லி முடித்தால் என்றைக்காவது ஒரு நாள் மணிக்கணக்கில் சம்பளம். இங்கே தையல் மெஷின்.

இப்போது யோசனைக்கு வருகிறேன். பெற்றவள் பார்த்தால் கூலி இல்லை, மற்றவள் பார்த்தால் கூலி உண்டு என்பதுதானே அரசின் கொள்கை? கொள்கையை மாற்றச் சொல்ல நான் யார். பிள்ளையை மாற்றிவிடலாம்.

காலை எட்டு மணிக்குச் சிறுபாக்கத்துத் தாய் தன் பையனைத் தொழுதூர்க்காரியிடம் ஒப்படைக்கட்டும். தொழுதூர்க்காரி தன் மகளைச் சிறுபாக்கத்தாளிடம் கொடுக்கட்டும். அந்த நொடியில் இரண்டு தெய்வங்களும் தொழிலாளிகள் ஆகிவிடுகிறார்கள். எட்டு மணி நேரம், 336 ரூபாய், வாரம் ஒரு நாள் லீவு. சாயங்காலம் பிள்ளைகளைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ராத்திரி முழுக்கப் பாசம். பிள்ளைகள் புது இடத்தில் அலறுமே என்றால், அலறட்டும். அலறினால்தான் மதிப்பெண் ஏறும். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது நிதித்துறைக்குத்தான் என்பது இப்போதல்லவா புரிகிறது. கூடுதல் லாபம், ஒரு பைசா வேலையும் புதிதாக நடக்காமலேயே மாநிலத்தின் உள்நாட்டு உற்பத்தி இரண்டு ஆள் கூலி அளவுக்கு உயரும். முதலீட்டாளர் மாநாட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

'பெற்ற பிள்ளையைப் பார்க்கக் கூலியா? பாசத்துக்கு விலை பேசுவதா?' என்று கண் கலங்கும் மேலதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பாட்டிக்கு ஏஜென்சி மூலம் ஆள் வைத்திருக்கிறீர்களே, மாதம் இருபதாயிரம் கொடுத்து? பாட்டி மேல் பாசம் இல்லையா? இருக்கிறது. பாசம் இருப்பதால்தான் ஆள் வைத்திருக்கிறீர்கள், பணம் இருப்பதால்தான் பாசத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்க முடிகிறது. மங்களூர்க்காரியிடம் பணம் இல்லை என்பதற்காக அவளுக்கு மட்டும் ஏழு நாளும் பாசமா? அதே பையனை நாளைக்கே மானியம் வாங்கும் ஒரு இல்லத்தில் விட்டால் அவன் சோற்றுக்கு மானியம், குளிப்பாட்ட ஆள், ராத்திரி முழிக்க ஆள், அந்த ஆட்களுக்குச் சம்பளம். காசு இருக்கிறது. அவள் வாசலைத் தாண்டி உள்ளே வர மட்டும் அதற்குக் கூச்சம்.

அரசாணை வரைவும் தயாராக இருக்கிறது. பரிமாற்றம் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் நடைபெறும். தாய் தன் சொந்தப் பிள்ளையைப் பணி நேரத்தில் தூரத்திலிருந்து பார்த்துச் சிரித்தால் அந்த நாள் கூலி பிடித்தம் செய்யப்படும். காய்ச்சல், தலைவலி, இடுப்பு வலி ஆகியவை பணியாளருக்கு அனுமதிக்கப்படா. பிள்ளைக்கு ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கட்டாயம். தாய்க்கு அப்படி ஒரு படிவம் துறையில் இல்லை. தாய் இறந்துவிட்டால் பணியிடம் காலியானதாகக் கொள்ளப்படும். அதை நிரப்ப நிதி ஒதுக்கீடு இல்லை.